மொரப்பூர் – தருமபுரி இருப்புப்பாதை

கடத்தூர்ப் பக்கத்தார் மொரப்பூரில் புகைவண்டியை விட்டிறங்கித் தருமபுரிக்குச் சிறுவண்டியேறிய காலமொன்றுண்டு. பஞ்சகாலத்தில் தானியங் கொணர உதவுமென்று கருதி, இரண்டரையடி அகலமுள்ள அப்பாதை 1906-ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 1913-இல் ஓசூர்வரை நீண்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது.

அதனை அகலப்பாதையாக மீண்டும் அமைக்க 2016–17 வரவுசெலவுத் திட்டத்தில் அனுமதி பிறந்தது. நீளம் 36 கிலோமீட்டரே; அடிக்கல் நாட்டியதோ 2019-இல். அதன் பின்னும் நிலமெடுப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அனுமதியென்பது வேறு, பணமென்பது வேறு என்பதை மாணவர் ஈண்டுக் காண்க. அனுமதி ஒருமுறை கிடைப்பது. பணமோ ஆண்டுதோறும் தனியே ஒதுக்கப்படுவது. நிலத்தை அளந்து கொள்பவர் மாநில வருவாய்த்துறையார். கேட்பவர் மத்திய ரயில்வேயார். ஒருவர் கடிதத்திற்கு மற்றவர் காத்திருக்க, விலையறியாத உழவர் தம் வயலிற் கிணறு வெட்டவுந் துணியார்.

சென்னை மெட்ரோ இரண்டாங் கட்டத்திலோ முறை மாறியது. 2020-இல் அடிக்கல் நாட்டப்பட்டு வேலை நடந்துகொண்டிருக்கையில், மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரிலேதான் வந்தது. மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதுவரை பெருஞ்சுமை மாநிலத்தின் தோளில். தலைநகர் அவ்வாறு தாங்கவல்லது. தருமபுரி போன்ற மாவட்டத்திற்கு அஃது இயலுமோ? ஆதலின், நில அளவையையும் இழப்பீட்டுப் பணத்தையும் அனுமதியோடு ஒருசேர முடித்துவிட வேண்டுமென்பதே எம் கருத்து.