கறுத்த ஆயிலும் கரிசல் வெடிப்பும்

“ஆயில் கறுத்துப் போச்சுண்ணே, மாத்திருவோம்.” அருப்புக்கோட்டைப் பட்டறையில் டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்துக் காட்டும்போது, கார்க்காரர் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஆனால் கறுப்பு ஒரு சாட்சியே அல்ல. இஞ்சினுக்குள் சேரும் கரியை அங்கங்கே படியவிடாமல் தனக்குள் ஏந்திக்கொள்ளும் ரசாயனங்கள் ஆயிலிலேயே கலந்திருக்கின்றன. கறுத்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். டீசல் காரில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே மை போலாகிவிடும். பயப்பட வேண்டிய நிறம் வேறு: பால் காப்பி நிறத்தில் நுரை கட்டியிருந்தால் கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கலாம். அப்போது வீட்டு வைத்தியம் வேண்டாம்.

எப்போது மாற்றுவது என்பதற்கு வண்டியோடு தந்த புத்தகம்தான் கணக்கு. மாருதியின் பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாக 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது. அதே புத்தகத்தில் பலர் புரட்டாத இன்னொரு பக்கம் இருக்கிறது. புழுதிச் சாலை, அடிக்கடி குறுகிய ஓட்டம் போன்ற கடுமையான உபயோகத்துக்கு அங்கே தனி அட்டவணை உண்டு. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கோடையை நினைத்து எழுதியது போலவே இருக்கும். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் சீராக ஓடும் கார் ஆயிலை அவ்வளவு வதைப்பதில்லை. வீட்டிலிருந்து கடைவீதிக்கும் திரும்ப வீட்டுக்குமாக, இஞ்சின் சூடேறும் முன்பே அணைக்கப்படும் கார்தான் வதைக்கிறது. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலிலேயே தங்கிவிடும். புழுதி உள்ளே போவது பெரும்பாலும் ஏர் ஃபில்டர் வழியாக. அதைக் கவனிக்காமல் ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், பிஸ்டன் வளையத்தை மணல் தேய்ப்பது நிற்காது.

“நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்” என்பது அடுத்த நம்பிக்கை. வெளியே 40 டிகிரி அடித்தாலும் 25 அடித்தாலும், சூடேறிய இஞ்சினைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில்தான் வைத்திருக்கும். டின்னில் இருக்கும் இரண்டாவது எண்ணே 100 டிகிரியில் அளந்த பிசுபிசுப்பைக் குறிப்பது. 0டபிள்யூ-20 கேட்கும் புதிய இஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். பழைய அம்பாசடருக்குச் சரியாக இருந்தது என்பது வேறு கதை.

“குறையக் குறைய ஊற்றிக்கொண்டால் போதும், மாற்றவே வேண்டாம்” என்பவர்களும் உண்டு. தறி ஓடும் ஊரில் இப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. தறிக்கு விடும் எண்ணெய் வழிந்து போய்விடும், மறுபடி விடுகிறோம். காருக்குள் அதே ஆயில்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அமிலமும் கரியும் சேர்ந்துகொண்டே போக, எதிர்த்து நிற்கும் ரசாயனம் தீர்ந்துபோகும். மேலே ஊற்றினால் அளவு கூடுமே தவிர அழுக்கு வெளியேறாது. டீசல் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். வடியாமல் உள்ளே தங்கும் மிச்சம் புது ஆயிலை நீர்க்கச் செய்யும்.

வீட்டில் மாற்றினால் வாரண்டி போய்விடுமா? இதில் பயம் முழுப் பொய்யல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தபோது, வெளிப் பட்டறைக்குப் போனாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே வாரண்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸ், அதன்பின் சொந்தக் கை என்பதே என் யோசனை.

சொந்தக் கை என்றால், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். அது டயர் மாற்றக் கொடுத்தது; கரிசல் மண்ணில் அமிழும், சரியும். சிமெண்ட் தரையில், ஸ்டாண்டு கொடுத்து, பின் டயருக்குக் கல் வைத்து வேலை செய்யுங்கள். இஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். ஃபில்டரின் ரப்பரில் கொஞ்சம் ஆயில் தடவிக் கையால் இறுக்குங்கள். வண்டியைச் சமதளத்துக்கு இறக்கி, டிப்ஸ்டிக்கின் இரண்டு குறிகளுக்கு நடுவே அளவு நிற்கிறதா என்று பாருங்கள். கூடுதலாக ஊற்றினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு கார்க்காரரின் செலவோடு முடிகிற தவறுகள். ஊருக்கே செலவு வைக்கும் நம்பிக்கை ஒன்று இருக்கிறது: “வேலி ஓரமா ஊத்திரு, கரிசல் குடிச்சிரும்.”

குடிக்காது. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, ஊற்றிய ஆயில் மேல்மண்ணில் வடிகட்டப்படாமல் வெடிப்பு வழியே நேராகக் கீழே இறங்குகிறது. மேலே தங்கியது முதல் மழையில் ஓடையைத் தேடும். ஓடை கண்மாய்க்கும் ஊருணிக்கும் போகிறது. குண்டாற்றில் தண்ணீர் பார்ப்பதே அரிதான இந்தச் சீமையில் தேங்கும் தண்ணீர் அதுதான். ஒருமுறை மாற்றும் ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. சின்னக் காரில் வடிவது மூன்று லிட்டர் சொச்சம்.

ஊற்றாதவர்கள் பூசுகிறார்கள். கரையானுக்காகக் கதவு நிலைக்கும் தொழுவத்துக் கம்புக்கும். வண்டி மை காலத்துப் பழக்கத்தின் மிச்சமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் அந்த மை விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்தது. இஞ்சினில் ஓடிய ஆயிலில் உலோகத் துகளும், எரிபொருள் எரிந்து உண்டான பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்களும் இருக்கின்றன. இவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. கன்றுக்குட்டி நக்குகிற கம்பில் பூசும் பொருளல்ல அது. சென்ட்ரிங் பலகையில் தடவுவதும் இதே கதைதான்: கொத்தனார் கையில் படும், கான்கிரீட்டில் கறை விழும்.

2016-இன் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடக்கம். அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வதில் ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் பொறுப்பு உண்டு என்கிற திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது உங்கள் தெருமுனைக்கு வந்து சேரும்வரை செய்யக்கூடியது இது: ஃபில்டரைக் கவிழ்த்து வைத்து முழுக்க வடிய விடுங்கள். எல்லாவற்றையும் புது ஆயில் வந்த டின்னிலேயே ஊற்றி மூடி, பேரலில் சேர்த்துவைக்கும் பட்டறையில் கொடுங்கள். உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரர்தான் எடுக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டின்னை மட்டும் திரும்ப வாங்கி, கத்தியால் கிழித்த பிறகு பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். லேபிள் கலையாத டின் கிடைத்தால், போலி ஆயில் அடைப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.