செல்வியின் 6,200 ரூபாய்

செல்வி தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். கல்யாணமாகிப் பெங்களூருக்கு வந்தாள். பீனியாவில் ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்தது. நாள் முழுவதும் சட்டைக்குக் காலர் தைப்பாள். மாதச் சம்பளம் 11,000 ரூபாய் போல வரும்.

மூன்று ஆண்டுகள் ஓடின. மாமியார் படுத்த படுக்கையானார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. 2024 மே மாதக் கடைசியில் செல்வி வேலையை விட்டாள்.

சம்பளத்தில் மாதா மாதம் பிஎஃப் பிடித்திருந்தார்கள். பிஎஃப் என்றால் வருங்கால வைப்பு நிதி. தொழிலாளி நூற்றுக்கு 12 ரூபாய் கொடுக்கிறார். முதலாளியும் தன் பங்கைக் கட்டுகிறார். செல்வியின் கணக்கில் வட்டியோடு சேர்த்து 62,000 ரூபாய் இருந்தது.

அவளுடைய சங்கிலி அடகில் இருந்தது. மீட்க 60,000 ரூபாய் வேண்டும். பிஎஃப் பணம் வந்தால் சங்கிலியும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

ஆகஸ்ட் மாதம் பணம் வந்தது. ஆனால் 55,800 ரூபாய்தான் வந்தது. 6,200 ரூபாய் குறைந்தது.

"கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டான்" என்றார் கணவர். "கம்ப்யூட்டர் கடைக்காரன் கமிஷன் பிடிச்சிருப்பான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. செல்வி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கினாள். சங்கிலியை மீட்டாள். அந்த 6,200 ரூபாயை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம். செல்வி மாலை நேர எழுத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்று பாஸ்புக் படிக்கும் பாடம். செல்வி பாஸ்புக்கோடு பிஎஃப் சீட்டையும் எடுத்துப் போனாள்.

"டீச்சர், இதுல 6,200 ரூபாய் எங்க போச்சுன்னு பாருங்க."

மல்லிகா டீச்சர் சீட்டைப் பார்த்தார்.

"இது யாரும் திருடினது இல்லை, செல்வி. வருமான வரி. அரசாங்கத்துக்குப் போயிருக்கு."

"வருமான வரியா? எனக்கா? நாங்க என்ன பணக்காரங்களா, டீச்சர்?"

"இல்லை. அதனாலதான் இது உனக்குத் திரும்ப வரணும். நீ கேட்டாத்தான் வரும்."

டீச்சர் சொன்னதை நாமும் தெரிந்துகொள்வோம்.

சில பணங்களைக் கொடுக்கும்போதே ஒரு பகுதியை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட வேண்டும் என்பது சட்டம். இதற்கு டிடிஎஸ் என்று பெயர். பணம் பெறுபவர் ஏழையா, பணக்காரரா என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை. முதலில் பிடிப்பார்கள். ஆண்டு முடிந்த பிறகு கணக்குப் பார்க்க வேண்டும். கட்ட வேண்டிய வரியைவிட அதிகமாகப் பிடித்திருந்தால் திருப்பித் தருவார்கள்.

ஐந்து ஆண்டு வேலை முடியும் முன்பே பிஎஃப் பணத்தை எடுத்தால் இப்படிப் பிடிப்பது உண்டு. தொகை 50,000 ரூபாயும் அதற்கு மேலும் இருந்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 62,000 ரூபாய்க்கு 10 சதவீதம் 6,200 ரூபாய். கணக்குச் சரியாக இருக்கிறது அல்லவா?

செல்வி கட்ட வேண்டிய வரி எவ்வளவு? அந்த ஆண்டில் அவளுக்கு இரண்டு மாதச் சம்பளமும் பிஎஃப் பணமும்தான் வந்தன. எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம்கூட இல்லை. புதிய வரி முறையில் அந்த ஆண்டு 3 லட்சம் ரூபாய் வரை வரி கிடையாது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் இந்த வரம்பு 4 லட்சம் ஆனது. ஆகவே செல்வி கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பிடித்தது 6,200. முழுவதும் அவளுக்கே சேர வேண்டும்.

பிஎஃப் பணத்தில் மட்டும் இப்படிப் பிடிப்பதில்லை. ஒப்பந்த வேலை எடுத்துச் செய்யும் மேஸ்திரிக்குக் கம்பெனி பணம் கொடுக்கும். ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேல் போனாலோ, ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் போனாலோ 1 சதவீதம் பிடிப்பார்கள். வண்டியில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் பையன்களுக்கும் இப்படிப் பிடிப்பது உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

இந்த ஏற்பாடு ஏழைக்கு ஏற்றதுதானா? எனக்குச் சந்தேகம்தான். வரியே கட்ட வேண்டாதவர் தன் சொந்தப் பணத்துக்காக அலைய வேண்டியிருக்கிறது. ஆனால் அலையாவிட்டால் பணம் வராது. 

திருப்பிக் கேட்பதற்கு ஒரு கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதை ரிட்டர்ன் என்பார்கள். வழக்கமாகச் சம்பளக்காரர்களுக்குக் கடைசி நாள் ஜூலை 31. சில ஆண்டுகளில் அரசு தேதியைத் தள்ளி வைக்கும். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 16 வரை தள்ளி வைத்தார்கள். தேதி தவறினாலும் டிசம்பர் 31 வரை தாக்கல் செய்ய இடம் உண்டு.

செல்வி முதலில் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். கடைக்காரர் 1,500 ரூபாய் கேட்டார். "வீட்டுக் கடன், நன்கொடைன்னு போட்டு 15,000 வாங்கித் தர்றேன்மா" என்றார்.

செல்வி டீச்சரிடம் வந்து சொன்னாள். டீச்சருக்குக் கோபம் வந்தது.

"உன்கிட்ட பிடிச்சதே 6,200. அதுக்கு மேல 15,000 எப்படி வரும்? வட்டி கொஞ்சம் வரும், அவ்வளவுதான். இல்லாத கடனை எழுதினா நாளைக்கு நோட்டீஸ் உன் பேருக்குத்தான் வரும். கடைக்காரருக்கு வராது."

டீச்சர் சொன்னது உண்மை. பொய்க் கழிவு காட்டிப் பணம் வாங்கித் தந்த ஆட்களைத் தேடி, 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை போட்டது.

கடைசியில் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு கணக்காளர் வருவார். கட்டணம் 200 ரூபாய். அவர் முதலில் பான் எண்ணைக் கேட்டார்.

பான் என்பது வருமான வரித் துறை கொடுக்கும் பத்து எழுத்து எண். முதலில் ஐந்து எழுத்து, பிறகு நான்கு எண், கடைசியில் ஓர் எழுத்து. நம்மிடம் பிடிக்கும் வரியெல்லாம் இந்த எண்ணின் கீழ்தான் பதிவாகும். கணக்காளர் கம்ப்யூட்டரில் பார்த்தார். செல்வியின் எண்ணின் கீழ் 6,200 ரூபாய் இருந்தது. பானும் ஆதாரும் இணைந்திருந்தன. இணையாவிட்டால் பான் செயல்படாது, பணமும் திரும்ப வராது. வங்கிக் கணக்கும் அவள் பெயரிலேயே இருந்தது. ஆகஸ்ட் 24 அன்று கணக்கைத் தாக்கல் செய்தார்கள்.

"முடிஞ்சுதா, சார்?" என்றாள் செல்வி.

"இன்னும் இல்லைம்மா. தாக்கல் பண்ணினது நீங்கதான்னு 30 நாளுக்குள்ள உறுதி செய்யணும். ஆதார்ல இருக்கிற போனுக்கு ஓடிபி வரும். அதைப் போடணும்."

செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆதாரில் இருந்தது பழைய போன் எண். அந்த சிம் தொலைந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மறுநாளே ஆதார் மையத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். புதிய எண் பதிவாகச் சில நாட்கள் பிடித்தன. செப்டம்பர் 12 அன்று ஓடிபி வந்தது. உறுதி செய்தார்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, பணம் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் பலர். உறுதி செய்யாத கணக்கு, தாக்கல் செய்யாத கணக்குக்குச் சமம்.

அக்டோபரில் பணம் வந்தது. 6,200 ரூபாயோடு மாதத்துக்கு அரை சதவீதம் வட்டியும் வந்தது. செல்வி வட்டிக்கு வாங்கிய கடனில் பாக்கியை அடைத்தாள்.

சுமித்ராவின் கதை வேறு. அவள் ஒடிசாவிலிருந்து வந்தவள். செல்விக்குப் பக்கத்து மெஷினில் தைத்தாள். அவளும் வேலையை விட்டு 55,000 ரூபாய் பிஎஃப் எடுத்தாள். அவளிடம் பான் இல்லை. பான் இல்லாதவர்களுக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். 11,000 ரூபாய் போய்விட்டது. பிடித்த வரியை யார் பெயரில் எழுதுவது? எண்ணே இல்லையே. இப்போது பான் எடுத்திருக்கிறாள். பிஎஃப் அலுவலகம் தன் கணக்கைத் திருத்தி, அவள் எண்ணைச் சேர்த்தால்தான் வழி. மனுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறாள். இன்னும் பதில் இல்லை.

ஆதாரும், அதில் பதிந்த போனும் இருந்தால் வருமான வரித் துறையின் இணையதளத்தில் பான் எண்ணை இலவசமாகவே எடுக்கலாம். சுமித்ராவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

உண்மையில் செல்வியிடமும் ஒரு ரூபாய்கூடப் பிடித்திருக்க வேண்டாம். 'எனக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை, வரி பிடிக்க வேண்டாம்' என்று ஓர் உறுதிமொழிப் படிவம் உண்டு. பிஎஃப் கேட்கும்போதே பான் எண்ணோடு அதையும் கொடுக்கலாம். செல்வி எடுத்த காலத்தில் அதற்கு 15ஜி என்று பெயர். சட்டம் மாறும்போது படிவத்தின் எண்ணும் மாறும். அதனால் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். பொய்யாக மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள், அது குற்றம்.

ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்குப் போகிறீர்களா? பிஎஃப் பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது வரி பிடிக்க மாட்டார்கள். பழைய கம்பெனியில் வேலை செய்த காலமும் அந்த ஐந்து ஆண்டில் சேரும்.

பணம் திரும்ப வரும் நேரத்தில் போனில் பொய்ச் செய்திகளும் வரும். "உங்கள் ரீஃபண்ட் தயார், இங்கே தொடவும்" என்று இருக்கும். தொடாதீர்கள். உங்கள் ஓடிபி, ஏடிஎம் ரகசிய எண் இரண்டையும் வருமான வரித் துறை போனில் கேட்காது.

பயிற்சி

1. ஒருவர் நான்கு ஆண்டு வேலை செய்து 70,000 ரூபாய் பிஎஃப் எடுக்கிறார். உறுதிமொழிப் படிவம் கொடுக்கவில்லை. பான் இருந்தால் எவ்வளவு பிடிப்பார்கள்? பான் இல்லாவிட்டால் எவ்வளவு?

2. உங்கள் பான் அட்டையையும் ஆதார் அட்டையையும் எடுங்கள். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? பிறந்த தேதி?

3. ஆதாரில் பதிந்துள்ள உங்கள் போன் எண் எது? இப்போது அந்த எண் யாரிடம் இருக்கிறது? எழுதுங்கள்.