இரு விளக்குகள்

உவமை இரு பொருள்களைத் தனித்தனியே நிறுத்தி ஒப்புமை காட்டும். உருவகமோ வேற்றுமை நீக்கி இரண்டையும் ஒன்றாகவே காட்டும். வடமொழி அலங்கார சாஸ்திரம் இதனை ரூபகம் என்னும்.

திருக்கோவலூரில் மழை பெய்த இருளிரவில் முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் நின்றனர். நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர் என்பது குருபரம்பரை வரலாறு. அவரைக் காண விளக்கில்லை. பொய்கையாழ்வார் பூமியை அகலாகவும், கடலை நெய்யாகவும், கதிரவனைச் சுடராகவும் கொண்டு விளக்கேற்றினார். 'உலகம் விளக்குப் போன்றது' என்றிருப்பின், அஃது ஒப்புமையளவிலேயே நின்றிருக்கும். உலகமே விளக்கானபடியால், எம்பெருமானை மறைப்பதாகத் தோன்றும் அதுவே அவனைக் காட்டித் தருகிறது.

பூதத்தாழ்வார் ஏற்றியது அகவிளக்கு. அன்பு அகல், ஆர்வம் நெய், உருகும் சிந்தை திரி, ஞானம் சுடர். இங்கோர் நுட்பம் உண்டு. முதல் விளக்கில் திரி கூறப்படவில்லை. கதிரவனுக்குத் திரி வேண்டா. அகவிளக்கிற்கோ, தன்னைத் தந்து எரிவதொன்று வேண்டும். அதுவே அடியவனது நெஞ்சம். அடுத்துப் பாடிய பேயாழ்வார் விளக்கேற்றவில்லை. கண்டேன் என்றே தொடங்குகிறார்.

திருவிழாக் கோஷ்டியில் இவ்வந்தாதிகளைச் செவிமடுக்கும் அன்பர்கள் சொல்லழகோடு அமையாது, அத்திரி தம்மிடமே உள்ளதென உணர்வாராக. அவ்வுணர்வே பாசுரத்தின் பயனாம்.