மலர்ப் பொறுப்பேற்கும் மகளுக்கு

கல்லூரி ஆண்டு மலருக்கு உன்னைப் பொறுப்பாசிரியராகப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், மகளே. வகுப்பும் விடைத்தாளும் போதாதென்று இது வேறா என்று சிலர் உன்னிடம் அலுத்துக்கொள்வார்கள். ஆசிரியப் பணியில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

1. பேனா மாணவர் கையிலேயே இருக்கட்டும். கட்டுரை சுமாராக இருந்தால் நாமே திருத்தி எழுதிவிடக் கை பரபரக்கும், அடக்கிக்கொள். வேதியியல் துறை மாணவி ஒருத்தி, உப்பளத்தில் வேலை பார்த்த தன் தாத்தாவைப் பற்றி எழுதி வந்தாள். முழுக்க அலங்காரச் சொற்கள். "தாத்தா எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார்? காலில் என்ன போட்டிருப்பார்?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த வாரம் அவருடைய வெடித்த பாதங்களைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். அதில் நான் தொட ஒரு சொல்லும் இல்லை.

2. ஒன்றை நீக்கத்தான் வேண்டுமென்றால், எழுதியவரிடம் நேரில் காரணம் சொல்லி நீக்கு. அமெரிக்காவில் ஹேசல்வுட் என்ற கல்வி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், மாணவர் இதழின் இரண்டு பக்கங்களை முதல்வர் எடுத்துவிட்டார். பதின்வயதுக் கர்ப்பம், பெற்றோரின் மணமுறிவு பற்றிய கட்டுரைகள் அவற்றில் இருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1988-இல் பள்ளிக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனால் இதழ் அச்சாகி வந்த பிறகுதான் பக்கங்கள் போனது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. எந்தத் தீர்ப்பு வந்தாலும் அதை என் மனம் ஏற்றதில்லை.

3. விடுதித் தண்ணீரைப் பற்றி யாராவது எழுதுவார்கள். முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வரும். மாணவரை முன்னால் தள்ளாதே, நீ போ. போகுமுன், சொன்னதெல்லாம் உண்மையா, விடுதிக் காப்பாளரின் பதிலையும் கேட்டுப் போட்டிருக்கிறார்களா என்று பார். நியாயமாக எழுதியிருந்தால் உன் குரல் நடுங்காது. அப்படியொரு கட்டுரையைப் படித்த எங்கள் முதல்வர், காப்பாளரின் பதிலும் அதே பக்கத்தில் இருப்பதைக் கண்டு கையெழுத்திட்டார். கோடை விடுமுறையில் தொட்டியும் கழுவப்பட்டது.

4. இரவல் கவிதைகள் வரும். இணையத்தில் எடுத்தது, இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததும் வரும். மலர்க்குழுவின் முன்னால் அந்தப் பிள்ளையைக் கூனவைக்காதே. தனியே அழைத்துச் சொல்: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் எழுதியது அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அவருடைய உரிமைதான். "நீ எழுதும் நாலு வரிக்கும் அதே உரிமை உண்டு" என்பதையும் சேர்த்துச் சொல். தன் சொல்லின் விலை அறிந்தவன் பிறர் சொல்லில் கைவைக்கக் கூசுவான்.

5. மெய்ப்பைத் தாளில் அச்செடுத்துப் படி. பாமினி எழுத்துருவில் அடித்ததை ஒருங்குறிக்கு மாற்றும்போது எழுத்துகள் உடையும். பெயரையும் தலைப்பெழுத்தையும் அந்தந்த மாணவரிடமே காட்டிச் சரிபார். பல வீடுகளில் அந்தக் குடும்பத்துப் பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் முறை. மலர் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும்.

6. பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று அச்சகத்தில் கணக்குச் சொல்வார்கள். கடைசிப் பாரத்தில் சில பக்கங்கள் மிஞ்சினால் இன்னொரு வாழ்த்துச் செய்தியைப் போட்டு நிரப்பிவிடாதே. கேட்டால்தான் கொடுக்கும் பிள்ளைகள் உண்டு: முதலாமாண்டில் வாய் திறக்காதவன், மாலை வகுப்பு முடிந்ததும் பேருந்துக்கு ஓடுகிறவள். அவர்களைத் தேடிப் போ. பெரிய பெயர்களைவிட அந்தப் பக்கங்களில்தான் எனக்கு மலர் உயிரோடு இருந்திருக்கிறது.

7. வெளியீட்டு விழாவில் மலரைப் பற்றி மாணவ ஆசிரியர் பேசட்டும். மலர்க்குழுவின் மூன்றாமாண்டுப் பிள்ளைகள் தேர்வு முடிந்ததும் போய்விடுவார்கள். ஆகவே அவர்கள் பக்கத்தில் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரை இப்போதே உட்காரவை; அச்சகத்துக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போகச் சொல்.