பட்டாணி எதையும் மறக்கவில்லை

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சென்னையில் ஒரு மாதமாகத் தரையில் ஒரு சொட்டுச் சிறுநீர்கூட விடாத உன் நாய்க்குட்டி பட்டாணி, திருநெல்வேலியில் பெரியப்பா வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். "பழக்கிட்டேன்னு சொன்னியேடா" என்று எல்லாரும் கேட்டபோது உனக்கு அழுகை வந்தது என்றும் எழுதியிருந்தாய். அழ வேண்டியதில்லை. பட்டாணி எதையும் மறக்கவில்லை. அது கற்றுக்கொண்டது ஒன்று, அது கற்றுவிட்டதாக நீங்கள் எல்லாரும் நினைத்தது வேறொன்று.

'வீட்டுக்குள் ஒண்ணுக்குப் போகக் கூடாது' என்று நாம் சொல்லிவிடுகிறோம். பட்டாணிக்கு எல்லா வீடும் வீடுதான் என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தது உங்கள் கூடம், பால்கனிக் கதவு, பால்கனி மூலையில் நீ விரித்துவைக்கும் செய்தித்தாள், அவ்வளவுதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதைத் தூக்கிப்போய் அந்தத் தாளின்மேல் விட்டாய். போனதும் தின்ன ஏதாவது கொடுத்தாய். அந்த மூலை, அந்தத் தாள், அந்த நேரம் எல்லாம் அதன் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்துக்குத் தானாகப் பொருத்திப் பார்ப்பது நாய்களுக்கு எளிதில் வருவதில்லை. வீட்டில் 'உட்கார்' என்றதும் உட்காரும் நாய், பூங்காவில் அதையே சொன்னால் முழித்துக்கொண்டு நிற்கும். நீயே பார்த்திருப்பாய்.

இப்போது, பெரியப்பா வீட்டில் அது எங்கே போனது என்று யோசி. முதல் இடம் தாத்தாவின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் படித்துவிட்டுத் தரையில் போட்டிருந்த தினசரி. தாத்தாவுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் செய்தித்தாளைக் கண்டால் அதன்மேல் போகலாம் என்பதுதானே நீ பட்டாணிக்குக் கற்றுக்கொடுத்தது? அதைத்தான் அது பிசகாமல் செய்திருக்கிறது. இரண்டாவது இடம் குளியலறை வாசலில் கிடந்த கால்மிதி. அதுவும் காலுக்கு மெத்தென்று இருக்கும், ஈரத்தை உறிஞ்சும். வழவழப்பான தரையைவிட அதற்குப் பழகிய தாளைப் போன்றது.

இந்தக் 'காலுக்குப் பழகிய தளம்' என்பது சின்ன விஷயமில்லை. பிறந்த புதிதில் குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிட்டால்தான் போகும், தாயே அதைச் சுத்தமும் செய்துவிடும். மூன்று வாரம் ஆனதும் குட்டி தள்ளாடிக்கொண்டே படுக்கையைவிட்டு வெளியே வந்து போகத் தொடங்கும். அமெரிக்காவின் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அறிவியலாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து, 1965இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். எட்டு, ஒன்பது வாரத்தில் குட்டிகள் இதற்கென்று ஓரிடத்தைத் தேர்ந்துகொள்வதை அவர்கள் கண்டார்கள். அந்த வயதில் காலடியில் எது இருந்ததோ, மண்ணோ புல்லோ தாளோ, அதையே பிறகும் தேடும். ஆகவே இனிமேல் பட்டாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்கு மாற்று. தாளை நாலாக மடித்துக் கீழே மண்தரையில் வை. நாளுக்கு நாள் தாளைச் சிறிதாக்கு. தாள் மட்டுமே தெரிந்த நாய்க்கு ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே சிக்கல்தான். ஒன்று மட்டும் கவனி: தடுப்பூசிகள் எல்லாம் போட்டு முடித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் தெருநாய்கள் புழங்கும் மண்ணில் விட வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

உங்கள் வீட்டில் அவசரம் வந்தால் பட்டாணி பால்கனிக் கதவைப் பிறாண்டும் என்று போன மாதம் பெருமையாகச் சொன்னாய். பெரியப்பா வீட்டில் எந்தக் கதவைப் பிறாண்டும்? முன்வாசல், கொல்லைப்புறம், மாடிப்படி என்று அங்கே எத்தனையோ கதவு. புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் கழிப்பறை எங்கே என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் மதியம்வரை அடக்கிக்கொண்டு இருந்தாயே, அந்த நிலைதான் அதற்கும். உன்னால் மதியம்வரை அடக்க முடிந்தது, பட்டாணியால் முடியாது. குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்கும் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது சும்மா படுத்திருக்கும் குட்டிக்கான கணக்கு. பயணக் களைப்பு, புது மனிதர்கள், ஓட்டம், வந்து இறங்கியதும் வயிறு முட்டக் குடித்த தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் அரை மணிகூடத் தாங்காது. அதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிடாதே, அதுவும் திருநெல்வேலி வெயிலில். குடித்த பிறகு அடிக்கடி வெளியே கூட்டிப்போ, போதும்.

பெரியம்மா ஆசையாகக் குனிந்து தூக்கியபோது சொட்டுச் சொட்டாக விட்டது என்றாயே, அது வேறு கதை. காது பின்னால் மடிந்து, உடம்பு தரையோடு தாழ்ந்து, வால் கீழேயே ஆடியிருக்கும். பெரியவர்கள் முன் பணிந்துபோகும் குட்டிகளுக்கும் சந்தோஷம் தாங்காத குட்டிகளுக்கும் அப்படித் தானாகவே ஒழுகிவிடும். அதைத் திட்டினால் இன்னும் பணியும், இன்னும் ஒழுகும். வந்தவுடன் யாரும் தூக்க வேண்டாம், தரையில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள், அதுவே வரட்டும் என்று எல்லாரிடமும் சொல்லிவை. வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்து, எனக்கு மனது கஷ்டமான விஷயம். அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். யாரோ சொல்லித்தான் செய்திருப்பாய். இனி யார் சொன்னாலும் செய்யாதே. முடிந்துபோன காரியத்துக்கும் இப்போது கிடைக்கும் தண்டனைக்கும் நாயால் முடிச்சுப் போட முடியாது. 'தப்புச் செய்த முகம் அதற்கே இருந்தது அத்தை' என்று நீ சொல்வாய். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வைக் கேள். தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்வார்கள். சில நேரம் அது உண்மையாக இருக்காது. தின்ற நாய், தின்னாத நாய் என்ற வித்தியாசம் முகத்தில் தெரியவில்லை. எந்த நாய் திட்டு வாங்கியதோ அதுதான் 'குற்ற முகம்' காட்டியது. பட்டாணியின் முகத்தில் நீ பார்த்தது பயம். அடித்தோ தேய்த்தோ பழக்கினால் உன் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போகக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு மறுபடி போகும்போது, வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே கொல்லைப்புறம் கூட்டிப்போய் ஓரிடத்தில் நில். பேசாதே, விளையாடாதே. சென்னையில் அது நனைத்த தாள் துண்டு ஒன்றை உறையில் போட்டு எடுத்துப்போய் அங்கே வை. நம் மூக்கில் மோப்ப உணரிகள் 50, 60 லட்சம். நாயின் மூக்கில் 20 கோடிக்கு மேல். அந்த வாசனையே அதற்கு வழி சொல்லும். வழக்கமாக நீ சொல்லும் 'ஒண்ணுக்குப் போ' என்ற சொல்லையும் அங்கேயே சொல். முடித்த உடனே, அந்த இடத்திலேயே தின்னக் கொடு. உள்ளே வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. பிறகு முழு வீட்டையும் திறந்துவிடாமல், கயிற்றோடு உன் பக்கத்திலேயே ஓர் அறையில் வைத்திரு. விளையாட்டை நடுவில் விட்டுவிட்டுத் தரையை மோந்துகொண்டு வட்டமடித்தால் தாமதிக்காதே, தூக்கிக்கொண்டு ஓடு. அந்த வீட்டிலும் இரண்டு மூன்று நாளில் பிடிபட்டுவிடும். சென்னையில் பட்ட பாட்டின் அளவுக்கு இருக்காது.

பெரியம்மா அன்று பினாயில் ஊற்றித் துடைத்தார் அல்லவா? பினாயில் நம் மூக்குக்குத்தான் வாசனையை மறைக்கும். அதோடு, ஈரம் காயாத தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் நாய்க்கு அது கெடுதல். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர்விட்டுத் துடைத்து, நாய்ச் சிறுநீருக்கென்றே கடைகளில் விற்கும் நொதி கலந்த திரவத்தை ஊற்றிக் காயவிட வேண்டும். கால்மிதியைத் துவைத்து வெயிலில் போடச் சொல்.

இவ்வளவு செய்தும் நிற்காமல், சென்னை வீட்டிலும் விட ஆரம்பித்தால், அல்லது அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், முக்கினால், சிவப்பாகத் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடு. சிறுநீர்த் தொற்று இருந்தால் எந்தப் பழக்கமும் பலிக்காது, மருந்துதான் வேண்டும். போகும்போது காலையில் அது கழிக்கும் சிறுநீரில் கொஞ்சத்தைச் சுத்தமான சின்ன டப்பாவில் பிடித்து எடுத்துப் போ. அதை வைத்து டாக்டர் அங்கேயே சோதித்துப் பார்க்க முடியும்.

அன்புடன்,
அத்தை