பெயர் தெரியாத நோயோடு இருக்கும் காலம்

இந்த மாதப் பாடத்துக்கு நான் எடுத்திருக்கும் தலைப்பு கொஞ்சம் கனமானது. பரம்பரையாக வரும் மூளை நோய் ஒன்று குடும்பத்தில் இருக்கலாம் என்று சந்தேகம் இருக்கிறது, ஆனால் டாக்டர் இன்னும் எதையும் உறுதி செய்யவில்லை. அந்த இடைப்பட்ட காலத்தில் நம்மைப் போன்ற இளைஞர்கள் எப்படி இருப்பது? எங்கள் வீட்டில் ஒன்றரை வருஷமாக இதுதான் நிலைமை.

அப்பாவுக்கு 49 வயது. உலு திராமிலிருந்து தினமும் மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர். முதலில் படி இறங்கும்போது கைப்பிடியைத் தேட ஆரம்பித்தார். அப்புறம் பேச்சு குழறியது. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தாத்தாவுக்கும் ஐம்பது வயதை ஒட்டி இதே தள்ளாட்டம் வந்ததாம். ஊர் அவரைக் குடிகாரர் என்று முடிவு கட்டிவிட்டது. அவர் தொட்டதே இல்லை என்று பாட்டி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

டாக்டர் முதலில் பார்க்கச் சொன்னது சிறுமூளையை. பின்தலையில் இருக்கும் இந்தப் பகுதியை எங்கள் பொறியியல் வகுப்பு மொழியில் விளக்குவது எளிது. ஒரு மோட்டாரைக் குறிப்பிட்ட இடத்தில் நிறுத்த வேண்டுமென்றால், அது எங்கே வந்திருக்கிறது என்று நொடிக்கு நொடி அளந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் திருத்தும் வேலையைத்தான் சிறுமூளை செய்கிறது. அது பழுதானால் கைக்குப் பலம் இருக்கும், ஆனால் டம்ளரை எடுக்க நீட்டினால் தாண்டிப் போகும். நடக்கும்போது கால் அகலும், திரும்பும்போது உடம்பு சாயும். குடித்தவர் நடையும் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் மதுவும் இதே சிறுமூளையைத்தான் குழப்புகிறது. தாத்தாவைப் பற்றி ஊர் தப்பாகப் பேசியதற்குக் காரணம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இந்தத் தள்ளாட்டத்தைத் தரும் பரம்பரை நோய்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றான எஸ்சிஏ1 தமிழர்களுக்கு அந்நியமானது அல்ல. தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தாரிடையே இது மிக அதிகமாகக் காணப்படுவதாக 2005-இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். இதற்குக் காரணமான மரபணுவை 1993-இல் அமெரிக்காவில் ஹுடா சோக்பி, ஹாரி ஆர் ஆகிய இருவரின் குழுக்களும் கண்டுபிடித்தன. டிஎன்ஏவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும் ஓர் இடம் இருக்கிறது. எல்லாருக்கும் அது உண்டு. ஆனால் இடையில் வேறு எழுத்து கலக்காமல் 39 தடவையோ அதற்கு மேலோ நீண்டுவிட்டால், அதிலிருந்து உருவாகும் புரதம் நரம்புச் செல்களை மெல்ல மெல்லக் கெடுக்கிறது. பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில் அறிகுறி தெரியும். அடுத்த தலைமுறைக்குப் போகும்போது, முக்கியமாக அப்பா வழியாக, இந்தத் தொடர் இன்னும் நீளலாம்.

"சொந்தத்துல கட்டினா இப்படித்தான் ஆகும்" என்று அத்தை சொன்னார். இந்த வகை நோய்க்கு அந்தக் காரணம் பொருந்தாது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரே ஒரு பழுதான பிரதி வந்தாலே போதும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நாங்கள் மூன்று பேர் என்பதால் "ஒருத்தருக்காவது வந்தே தீரும்" என்று கணக்குப் போடக் கூடாது. நாணயம் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டப்படுகிறது. மூவருக்குமே வராமல் போக எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. எங்கள் விஷயத்தில் இந்த 50 சதவீதம்கூட இன்னும் உறுதியாகவில்லை. அப்பாவுக்கு இருப்பது பரம்பரை நோய்தான் என்று தெரிந்த பிறகுதான் அது எங்கள் கணக்காகும். ராத்திரி மூன்று மணிக்கு மனசு இந்தப் படிகளையெல்லாம் தாண்டிக் கடைசிப் படியில் போய் நிற்கும். அப்போது இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்ப்பது எனக்கு உதவுகிறது.

அடுத்து வினை. "போன ஜென்மத்துப் பாவம்" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களே சொன்னார்கள். நம் சமயத்தில் வினைக் கொள்கை இருப்பது உண்மை. ஆனால் ஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூருக்கு, அதாவது இன்றைய திருச்செங்கோட்டுக்கு, வந்தபோது என்ன நடந்தது? அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. இது இந்த நாட்டில் வழக்கமாக வருவதுதான் என்று சொன்னார்கள். சம்பந்தர் அதைக் கேட்டு அப்படியே விட்டுவிடவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம். அதன் முதல் பாட்டின் கருத்தே, வினை என்று பேசத் தெரிந்தவர்கள் அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமல் இருப்பதுதான் குறை என்பது. அதே பாட்டு கையால் செய்யும் தொண்டையும் சேர்த்தே சொல்கிறது. வினையைக் காட்டி ஒருவரை வீட்டுக்குள் உட்கார வைப்பவர்கள் இந்தப் பதிகத்தைப் படிக்கட்டும் என்பேன்.

தேட வேண்டிய வழியில் முதலாவது கிளினிக் கெசிஹாத்தான். 1 ரிங்கிட் கட்டிப் பார்க்கலாம், அங்கிருந்து நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். பரம்பரை என்று நாமே முடிவு செய்துகொண்டு போகாமல் இருப்பது மிக முக்கியம். பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, சில வலிப்பு மருந்துகள், கட்டி, பக்கவாதம் எல்லாமே நடையைக் குலைக்கும். இவற்றில் சில சரியாகக்கூடியவை. நாங்கள் மாதம் ஒரு தடவை அப்பா ஒரே தாழ்வாரத்தில் நடப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்கிறோம். பாட்டியைக் கேட்டு மூன்று தலைமுறை வம்சப்படம் வரைந்தோம், யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று. டாக்டர் அதைப் பத்து நிமிஷம் பார்த்தார்.

அப்பாவுக்கு உறுதியானால், நான் சோதித்துக்கொள்வதா என்பது தனிக் கேள்வி. அறிகுறி இல்லாதவருக்கு ஆலோசனை இல்லாமல் இந்தப் பரிசோதனை செய்யக் கூடாது, 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குச் செய்யக் கூடாது என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட நடைமுறை. கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபியல் துறை இருக்கிறது, ஆலோசனை கேட்கலாம். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் உரிமை உண்டு. நான்சி வெக்ஸ்லரின் அம்மாவுக்கு 1968-இல் ஹண்டிங்டன் நோய் என்று தெரிந்தது. மகள் அந்த நோயையே ஆராய்ச்சியாக எடுத்தார். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். 1983-இல் மரபணு இருக்கும் இடமும் 1993-இல் மரபணுவும் கிடைக்க அது வழி செய்தது. அவரோ பரிசோதனை செய்துகொள்ளவில்லை. தமக்கும் அந்த நோய் வந்துவிட்டதை 2020-இல்தான் வெளியே சொன்னார். அவரைக் கோழை என்று யாரால் சொல்ல முடியும்?

காப்புறுதி பற்றியும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டம்கூட மருத்துவக் காப்புறுதியையும் வேலையையும்தான் பாதுகாக்கிறது, ஆயுள் காப்புறுதியை அல்ல.

அக்காவுக்கு வரன் பார்க்கும் பேச்சு வந்தபோது வீட்டில் பெரிய வாக்குவாதம். "ஜாதகத்தைக் கொடுத்தா போதும், இதையெல்லாம் ஏன் சொல்லணும்?" என்றார் சித்தப்பா. "கல்யாணம் முடிவாகறதுக்கு முன்னாடி நானே அவர்கிட்ட நேரா சொல்லிடுவேன்" என்றாள் அக்கா. நான் அக்கா பக்கம். சந்தேகம் சந்தேகமாகவே சொல்லப்பட வேண்டும், உறுதியானதாக அல்ல. ஆனால் மறைக்கக் கூடாது.

இப்போதைக்குச் செய்ய முடிந்தது உடற்பயிற்சி. சிறுமூளை பாதிப்புள்ளவர்களுக்குத் தீவிரப் பயிற்சி நடையையும் சமநிலையையும் மேம்படுத்துவதாக ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. எந்தப் பரம்பரை வகை என்று தெரியும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம் என்றார் உடற்பயிற்சி சிகிச்சையாளர். குளியலறையில் கைப்பிடி நானே பொருத்தினேன். அப்பா மோட்டாரை விட்டுவிட்டார், அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. அவர் சட்டைப்பையில் மலாயிலும் தமிழிலும் ஓர் அட்டை இருக்கிறது: "நான் குடிக்கவில்லை. எனக்கு நடை தடுமாறும். கொஞ்சம் கை கொடுங்கள்." போன வெள்ளிக்கிழமை கோயிலில் அதைப் படித்த ஒரு தம்பி, அர்ச்சனை முடியும்வரை அப்பா பக்கத்திலேயே நின்றான்.