நாட்டமும் துஆவும்

சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் 48 வயதுடைய ஒரு சகோதரி. பெண்மக்கள் இருவரையும் கட்டிக்கொடுத்துவிட்டார். கணவரின் வருமானம் வீட்டுச் செலவுக்கு மட்டுமே காணும். இனியாவது தமக்கென இரண்டு காரியங்களைச் செய்துகொள்ள வேண்டும் என்பது அவரது ஆசை. ஒன்று, சிறு வயதில் பாதியில் நின்றுபோன குர்ஆன் ஓதுதலைத் திருத்தமாகக் கற்பது. மற்றது, வீட்டுத் திண்ணையில் ஒரு தையற்கடை வைப்பது.

கைப்பேசியில் மகள் காட்டிய ஒரு காணொளியின்படி, "என் தையற்கடை நன்றாக நடக்கிறது" என்று காலையில் 3 தடவையும், நண்பகலில் 6 தடவையும், இரவில் 9 தடவையும் ஒரு நோட்டில் எழுதி வந்தாராம். அவ்வாறு எழுதி, கிடைத்துவிட்டதாகவே மனத்தில் கண்டு மகிழ்ந்தால் பிரபஞ்சம் அதைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று அதில் சொல்லப்பட்டதாம். ஆறு மாதம் சென்றும் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் தேடியபோது, "உள்ளத்தில் சந்தேகம் இருந்தால் வராது" என்று மற்றொரு காணொளி சொல்லிற்று. "குறை என் ஈமானில்தானா என்று எண்ணி எண்ணித் தூக்கம் வருவதில்லை. இந்த முறை கூடுமா, கூடாதா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருந்தார்.

அச்சகோதரி நமக்கு மூத்த லாத்தாவின் வயதுடையவர். அவரைப் போன்ற தாய்மார் பலர் இதே கேள்வியுடன் இருக்கக்கூடும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறோம்.

முதலில் அந்த முறையை அறிந்துகொள்வோம். மேனிஃபெஸ்டேஷன் என்றும், ஈர்ப்பு விதி என்றும் இன்று சொல்லப்படுவது புதிய கண்டுபிடிப்பன்று. 1906ல் வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்ற அமெரிக்கர் எண்ண அலைகளைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே ஈர்ப்பு விதி என்ற சொல் இருக்கிறது. 1910ல் வாலஸ் வாட்டில்ஸ் என்பவர் செல்வந்தராகும் வழியைக் குறித்து எழுதினார். அந்நூலைப் படித்துத் தூண்டப்பட்ட ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ரோண்டா பைர்ன், 2006ல் 'தி சீக்ரெட்' என்ற படத்தையும் நூலையும் வெளியிட்டார். அதன் பிறகே இது வீடுதோறும் பரவியது.

இதில் நல்லதே இல்லையா? இருக்கிறது. தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக உணர்வதும், நம்பிக்கை இழக்காதிருப்பதும் நல்லவையே. நோட்டும் பேனாவும் ஹராமல்ல. கேள்வியெல்லாம், உள்ளம் யாரை நோக்கிக் கையேந்தி நிற்கிறது என்பதே. வானமும் பூமியும் அவற்றில் உள்ளவையும் படைக்கப்பட்டவை. நம்மைப் போலவே அவையும் அல்லாஹ்வின் அடிமைகள். அடிமையிடம் போய், எஜமானனிடம் கேட்க வேண்டியதைக் கேட்கலாமா? பிரபஞ்சமே சுயமாகத் தருகிறது என்று ஒருவர் நம்பினால், அது ஈமானுக்கே ஆபத்தாகும். ஆதலால் அந்த நம்பிக்கை கூடாது.

இன்னொரு தீங்கும் உண்டு. கிடைக்காதபோது பழி முழுவதையும் கேட்டவர் தலையிலேயே அது சுமத்திவிடுகிறது. நோய் தீரவில்லையென்றால் நோயாளியையே குற்றவாளியாக்கும் வைத்தியத்தை என்னவென்பது? அச்சகோதரியின் தூக்கத்தைப் பறித்தது இதுதான். துஆ அப்படியன்று. பாவமானதையோ, உறவை முறிப்பதையோ கேட்காத ஒரு முஸ்லிமின் துஆவுக்கு மூன்றில் ஒன்று நிச்சயம் என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கேட்டது இங்கேயே கொடுக்கப்படும். அல்லது மறுமைக்கென்று சேமித்து வைக்கப்படும். அல்லது அதற்கு ஈடான ஒரு தீங்கு விலக்கப்படும். கேட்டவர் வெறுங்கையுடன் திரும்புவதே இல்லை. கிடைக்கவில்லை என்று அவசரப்பட்டுக் கேட்பதை விட்டுவிட வேண்டாம் என்றே நமக்கு எச்சரிக்கை செய்யப்பட்டிருக்கிறது.

இங்கு சிலர் ஒரு ஹதீஸ் குத்ஸியைக் காட்டுவார்கள். அடியான் தன்னைப் பற்றி எவ்வாறு எண்ணுகிறானோ அவ்வாறே தான் இருப்பதாக அல்லாஹ் அறிவிக்கும் அந்த ஹதீஸ் ஸஹீஹானதே. ஆனால் அது எண்ணத்துக்குத் தனிச் சக்தி உண்டென்று சொல்லவில்லை. ரஹ்மானாகிய நாயன் என்னைக் கைவிடமாட்டான் என்று அவன் மீது கொள்ளும் நல்லெண்ணத்தையே அது சொல்கிறது. தாயின் அன்பை நம்பும் குழந்தை, தன் நம்பிக்கையால் சோறு வந்தது என்று சொல்லாது. தாய் ஊட்டினாள் என்றே சொல்லும்.

இனி, மார்க்கம் காட்டும் வழிக்கு வருவோம். அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தில் மூன்று பாடங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

முதற்பாடம்: உங்களில் சிலருக்குச் சிலரைவிட மேலாக அல்லாஹ் அளித்ததைப் பார்த்து ஏங்க வேண்டாம் என்பது. பிறர் வீட்டுக் காரையும், பயணப் படங்களையும் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஒட்டிக்கொள்ளும் ஆசை நம்முடைய ஆசையன்று. அது இரவல் ஆசை. அச்சகோதரியின் இரு நாட்டங்களும் அப்படிப்பட்டவையல்ல. அவர் உள்ளத்திலேயே பிறந்தவை.

இரண்டாம் பாடம்: ஆண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்குண்டு, பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்கும் பங்குண்டு என்பது. ஆகவே முயற்சி பெண்ணுக்கும் உரியதே. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டுத் தைத்துத் தம் கையால் உழைத்தார்கள். அதில் வந்ததைத் தர்மம் செய்தார்கள். தையல் வேலைக்கு இதைவிடச் சிறப்பு வேறென்ன வேண்டும்? மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் துவண்டிருந்தபோது, பேரீச்ச மரத்தைத் தம் பக்கம் உலுக்குமாறு சொல்லப்பட்டது. பலசாலியான ஆண்மகனுக்கும் எளிதில் அசையாத மரம் அது. கனியை உதிர்ப்பவன் அல்லாஹ்தான். ஆயினும் கையை அசைக்கும் வேலை அவர்களிடமே விடப்பட்டது.

மூன்றாம் பாடம்: அல்லாஹ்விடம் அவன் அருளிலிருந்து கேளுங்கள் என்பது. ஏக்கத்தை விட்டு, உழைப்பை எடுத்துக்கொண்டு, அதன் பின் கையேந்தும் ஒழுங்கைப் பாருங்கள்.

"இந்த வயதில் ஆசை எதற்கு?" என்று வீட்டிலுள்ளோர் சொல்லக்கூடும். நாற்பது வயதை எட்டியவர் கேட்கும் துஆவை அல்அஹ்காஃப் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் கற்றுத்தருகிறது. பெற்ற நிஃமத்துக்கு நன்றி செலுத்தும் பாக்கியம், அல்லாஹ் பொருந்திக்கொள்ளும் நற்செயல், பிள்ளைகளின் நல்லொழுக்கம் ஆகிய மூன்றும் அதில் உள்ளன. பிள்ளைகளுக்காகக் கேட்கும் முன் தனக்கென்று ஒரு நல்ல அமலைக் கேட்க அங்கே இடமிருக்கிறது. பிள்ளைகளுக்காகவே இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிய தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

உம்மு ஹராம் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் உறங்கி எழுந்து, தம் உம்மத்தினர் சிலர் அறப்போருக்காகக் கடற்பயணம் செய்வதைக் கனவில் கண்டதாகச் சொன்னபோது, "அவர்களில் என்னையும் சேர்க்கத் துஆச் செய்யுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஹிஜ்ரி 28ல், உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில், கணவர் உபாதா (ரலி) அவர்களுடன் ஸைப்ரஸ் தீவுக்குக் கப்பலேறினார்கள். அந்தப் பயணத்தில் வாகனத்திலிருந்து விழுந்து மரணமடைந்து, அத்தீவிலேயே அடக்கப்பட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 11ல். ஆகவே கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே குறைந்தது 17 ஆண்டுகள்! அத்தனை காலத்திலும் அந்த நாட்டம் வீணாகவில்லை. வேளை வந்தபோது வயதைச் சாக்குச் சொல்லி அவர்கள் வீட்டில் இருந்துவிடவுமில்லை.

உலக ஆராய்ச்சியும் இதற்கு மாறாக இல்லை. உடல் எடையைக் குறைக்க முயன்ற 25 பெண்களை ஆராய்ந்து, கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற மனவியல் அறிஞரும் தாமஸ் வாடன் என்பவரும் 1991ல் முடிவை வெளியிட்டனர். முயன்றால் முடியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை நன்றாகக் குறைந்தது. மெலிந்துவிட்டதாகவே இனிமையாகக் கற்பனை செய்து மகிழ்ந்தவர்களுக்கோ குறைவாகவே குறைந்தது. நம்பிக்கை கையை அசைக்க வைக்கிறது. வெறுங்கற்பனையோ காரியம் முடிந்துவிட்டதென மனத்தை ஏமாற்றி, கையைக் கட்டிப் போட்டுவிடுகிறது.

ஆகவே சகோதரியே, அந்த நோட்டைக் கிழித்தெறிய வேண்டாம், பக்கத்தைப் புரட்டுங்கள். இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாராச் செய்யுங்கள். கணவரிடமும் மகள்களிடமும் மஷ்வரா கேளுங்கள். பிறகு புதிய பக்கத்தில் எழுதுங்கள்: இயந்திரம் பழுது பார்க்க எவ்வளவு, நூலும் ஊசியும் எவ்வளவு, தெருவில் முதலில் துணி கொடுக்கக்கூடியவர் யார், தடை எது, அதற்கு என்ன செய்வது? நடக்காததை நடந்ததாக எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். கடன் வாங்க நேர்ந்தால் வட்டியின் பக்கம் போகாதீர்கள். சிறிதாகத் தொடங்கினால் போதும்.

ஓதுவதற்கு மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே கால்மணி நேரம் ஒதுக்குங்கள். அருகிலுள்ள ஆலிமாவிடம், அலிஃபிலிருந்து தொடங்கவும் வெட்கப்படாதீர்கள். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரட்டைக் கூலி என்பது நாயகம் (ஸல்) அவர்களின் நற்செய்தி. சரளமாக ஓதும் இளம்பிள்ளைகள் நடுவே அமர்ந்து நாக்குத் திருந்தாமல் தவிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தஹஜ்ஜுதில் எழ முடிந்த இரவுகளில், தயங்காமல், "நீ நாடினால் தா" என்று ஒதுங்கி நிற்காமல், உறுதியாகக் கேளுங்கள். கடை நடந்தால் ஷுக்ருச் செய்யுங்கள். நடக்காவிட்டால், உங்கள் ஈமானில் குறையென்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கேட்ட துஆ அல்லாஹ்விடம் பத்திரமாக இருக்கிறது. இன்றிரவு நிம்மதியாகத் தூங்குங்கள்.

வல்ல நாயன் நம் தாய்மார்களின் நல்ல நாட்டங்களை நிறைவேற்றி, அவர்களின் கைகளுக்கு ஹலாலான ரிஸ்கையும், உள்ளங்களுக்கு அமைதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.